உதிரும் உயிரணுக்கள்

நமக்கு நெடுங்காலமாகப் பழக்கமான குடும்பம் ஒன்று. அவ்வீட்டு அம்மையார் அறுபது வயதைக் கடந்தவர்; பனிக்காலம் வந்துவிட்டால் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார். ஒருமுறை இழுப்பு மிகவும் கடுமையானபோது மருத்துவர் ஒருவர் சிறு வெள்ளை மாத்திரைகளைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். இழுப்பு நின்றது, பசி எடுத்தது, மூட்டு வலியும் கூடவே போயிற்று. இத்துணை நன்மை செய்யும் மருந்தைப் பத்து நாளோடு விடுவானேன் என்று, அந்தப் பழைய சீட்டைக் காட்டியே கடையில் மாதந்தோறும் வாங்கி, ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உண்டு வந்தார். முகம் உருண்டு திரண்டது. உடம்பு தேறிவிட்டது என்று உற்றார் மகிழ்ந்தனர்.

வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மூத்த மகன் மாத்திரையின் பெயரைப் படித்துத் திடுக்கிட்டார். "அம்மா, இது ஸ்டீராய்டு. எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும்" என்று சொல்லி, மீதியிருந்த அட்டைகளை அன்றே குப்பையில் எறிந்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் நான்காம் நாள் காலையில் அம்மையாரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. உண்டதெல்லாம் வாந்தியாயிற்று, தாங்கிப் பிடித்து நிறுத்தியபோது கண் இருண்டு சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் இரத்த அழுத்தத்தைப் பார்த்த இளம் மருத்துவர், அவருடைய வட்ட முகத்தையும் மெலிந்த தோலையும் ஒருகணம் நோக்கிவிட்டுக் கேட்ட முதற்கேள்வி இதுதான்: "எந்த மாத்திரையை, என்றைக்கு நிறுத்தினீர்கள்?"

மருந்தை அளவுக்கு மீறி உண்டு மயங்கியவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மருந்தை உண்ணாமல் விட்டதனால் ஒருவர் சாவின் விளிம்புக்குச் செல்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் எலிகளின் சுரப்பிகளை ஆராய்ந்த மூவரிடமும், அவர்களுக்கு ஒரு சொல்லை வழங்கிய கிரேக்க மொழிப் பேராசிரியரிடமும் நாம் சென்று சேர வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்தின் உச்சியில்

நம் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்துள்ளது. அட்ரினல் சுரப்பி என்பது அதன் பெயர். ஒன்றின் எடை 4 அல்லது 5 கிராம்தான். உரோமை நகரில் உடற்கூற்றியல் கற்பித்த பார்த்தலோமேயோ யுஸ்தாக்கி 1563ஆம் ஆண்டு வாக்கில் இதனை வரைந்து காட்டினார். எதற்காக இருக்கிறது என்பது மட்டும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை.

1855ஆம் ஆண்டு இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நாளுக்கு நாள் சோர்ந்து, உணவை வெறுத்து, தோல் வெண்கல நிறமாகக் கறுத்து இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது, இச்சிறு சுரப்பிகள் சிதைந்திருந்தன என்பதே அதன் செய்தி. அக்காலத்தில் அவற்றைச் சிதைத்தது பெரும்பாலும் காசநோய். மறு ஆண்டே பிரௌன் செக்கார் என்பவர், விலங்குகளினின்று இவ்விரு சுரப்பிகளையும் அகற்றிவிட்டால் அவை உயிர் பிழைப்பதில்லை என்று காட்டினார். நம் வாசகர் பலரும் அறிந்த ஒருவரும் அடிசன் நோய்க்கு ஆளானவரே. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபரான ஜான் கென்னடிக்கு 1947ஆம் ஆண்டு இலண்டனில் இந்நோய் கண்டறியப்பட்டது. கப்பலில் தாயகம் திரும்புகையில் அவஸ்தைபூசுதல் பெறும் அளவுக்கு அவர் நிலை மோசமாயிற்று. பின்னர் அவர் வாழ்ந்ததும் ஆண்டதும் நாள்தோறும் உட்கொண்ட ஹார்மோன் மருந்துகளின் துணையால்தான்.

சுரப்பியை நடுவே அறுத்துப் பார்த்தால், மஞ்சள் நிறப் புறணியும் செம்பழுப்பு நிற அகணியும் தெரியும். அகணியில் பிறப்பது அட்ரினலின். அச்சத்திலும் சினத்திலும் நெஞ்சைப் படபடக்கச் செய்வது. புறணி மூன்று அடுக்குகள் கொண்டது. மேலடுக்கு உடலின் உப்பைக் காக்கும் ஹார்மோனையும், நடுவடுக்கு கார்ட்டிசாலையும், உள்ளடுக்கு ஆண்மை சார்ந்த சில ஹார்மோன்களையும் தருகின்றன. இவற்றுள் கார்ட்டிசால் இல்லையேல் காய்ச்சலையோ, காயத்தையோ, பட்டினியையோ உடல் தாங்காது. 1948ஆம் ஆண்டில் இதன் உடன்பிறப்பான கார்ட்டிசோன், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்ணொருவருக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதன் பொருட்டு கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நம் அம்மையார் உண்ட பிரெட்னிசோலோன் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கார்ட்டிசாலைக் காட்டிலும் நான்கு மடங்கு வலிமையுடையது.

அட்ரினலின் நடுவடுக்கு தானாக இயங்குவதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏ.சி.டி.எச். என்னும் தூது ஹார்மோனை இரத்தத்தில் அனுப்பினால்தான் அது கார்ட்டிசாலைச் சுரக்கும். இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவு இருந்தால் பிட்யூட்டரி தூதை நிறுத்திக்கொள்ளும். குறைந்தால் மீண்டும் அனுப்பும். இப்போது பிரெட்னிசோலோன் மாத்திரை உள்ளே போகிறது. அது கார்ட்டிசாலைப் போன்றே தோன்றுவதால், பிட்யூட்டரி ஏமாந்துபோகிறது. வீட்டில் நெல் நிறைந்திருக்கிறது, இனி உழவனை அழைப்பானேன் என்று இருந்துவிடுகிறது. தூது நிற்கிறது. தூது நின்று மாதங்கள் பல ஆனால் அட்ரினலின் கதி என்ன?

அது சுருங்கிவிடும் என்பது முன்னரே தெரியும். 1930ஆம் ஆண்டிலேயே பிலிப் ஸ்மித் என்னும் அமெரிக்கர், பிட்யூட்டரி அகற்றப்பட்ட எலிகளில் அட்ரினல் புறணி மெலிந்து போவதையும், பிட்யூட்டரித் திசுவைத் திரும்பச் செலுத்தினால் அது மீள்வதையும் விரிவாக எழுதினார். ஆனால் சுருங்குதல் என்றால் என்ன? தண்ணீர் வற்றிய பழம்போல ஒவ்வோர் உயிரணுவும் சிறுத்துவிடுகிறதா, அல்லது உயிரணுக்களே காணாமற்போகின்றனவா? காணாமற்போகின்றன எனின் அவற்றின் பிணங்கள் எங்கே? இறந்த திசுவுள்ள இடத்தில் வீக்கமும் சீழும் தழும்பும் இருக்க வேண்டுமே! சுருங்கிய அட்ரினலில் அவற்றுள் ஒன்றும் இல்லை.

அபர்டீனில் கிடைத்த சொல்

ஜான் கெர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து நோய்க்கூற்றியல் அறிஞர். 1960-களின் தொடக்கத்தில் இலண்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, எலியின் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் கிளைகளைக் கட்டிவிட்டு, அப்பகுதி எவ்வாறு நலிகிறது என்று கவனித்தார். சாவு இருவகையாக நிகழ்வதைக் கண்டார். ஒரு வகை எல்லாருக்கும் தெரிந்தது: உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக வீங்கி வெடித்து, சுற்றுப்புறமெங்கும் அழற்சியை உண்டாக்கி மடிவது. தீக்காயத்திலும் பாம்புக்கடியிலும் அழுகிப்போகும் தசையில் நாம் காண்பது இதுவே. மற்றொரு வகையில் ஆரவாரமே இல்லை. நலமான அண்டை உயிரணுக்களின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓர் உயிரணு மட்டும் சுருங்குகிறது. சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. அண்டையில் உள்ளவை அவ்வுருண்டைகளை விழுங்கிவிடுகின்றன. அவ்வளவே.

1971ஆம் ஆண்டு கெர் ஓராண்டு விடுப்பில் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே பேராசிரியர் அலஸ்டேர் கரியும் அவருடைய மாணவர் ஆண்ட்ரூ வைலியும் ஆராய்ந்துகொண்டிருந்தது எதை? பிரெட்னிசோலோன் கொடுக்கப்பட்ட எலிகளின் அட்ரினல் புறணியைத்தான்! கெர் கல்லீரலில் கண்ட அதே உருண்டைகள் அங்கும் இருந்தன. ஏ.சி.டி.எச். நின்றவுடன் புறணியின் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக இந்த அமைதியான முறையில் மறைந்தன. மாத்திரையோடு ஏ.சி.டி.எச்.சையும் ஊசி மூலம் கொடுத்தபோது அவை மறையவில்லை. பிணம் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அண்டை வீட்டார் சில மணி நேரத்தில் அடக்கம் செய்துவிடுகின்றனர். ஆகவேதான் நூறாண்டுக் காலம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தோர் பலரும் இதனைத் தவறவிட்டனர். 

தவறவிட்டனர் என்று முழுமையாகவும் கூறுதற்கில்லை. 1842ஆம் ஆண்டிலேயே கார்ல் ஃபோக்ட் என்பவர் தவளையினத்து உயிரி ஒன்றின் வளர்ச்சியில் உயிரணுக்கள் மறைவதைக் குறித்துவைத்தார். 1960-களின் நடுவில் ரிச்சர்ட் லாக்ஷின், பட்டுப்பூச்சியின் தசைகள் குறித்த வேளையில் மடிவதைக் கண்டு, 'திட்டமிட்ட உயிரணுச் சாவு' என்னும் தொடரை வழங்கினார். ஆனால் வளரும் கருவிலும் உருமாறும் புழுவிலும் மட்டுமன்றி, வளர்ந்து முடிந்த உடலிலும் நாள்தோறும் நடக்கும் பொது நிகழ்ச்சி இது என்று துணிந்து கூறியவர்கள் அபர்டீன் மூவரே.

பெயர் இல்லாத ஒன்றை உலகம் ஏற்காது. அவர்கள் அதே பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியரான ஜேம்ஸ் கார்மாக்கை அணுகினர். அவர் தந்த சொல் 'அப்போப்டோசிஸ்'. மரத்தினின்று இலையும், மலரினின்று இதழும் உதிர்வதைப் பண்டைக் கிரேக்கர் இச்சொல்லால் குறித்தனர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரித்தானியப் புற்றுநோய் ஏட்டில் வெளிவந்த கட்டுரையில் இச்சொல் அரங்கேறிற்று. இதனை எப்படி ஒலிக்க வேண்டும் என்றும் அக்கட்டுரையிலேயே ஒரு குறிப்பு உண்டு: இடையில் வரும் இரண்டாவது 'ப்' ஒலியை விழுங்கிவிட வேண்டுமாம். அறிவியலார் பாதிப்பேர் இன்றளவும் அதற்குக் கீழ்ப்படியவில்லை.

கிரேக்கத்துக்குச் செல்லாமலே நம் மொழியில் ஒரு சொல் காத்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரும்பு, முகை, மலர் என்று பூவின் பருவங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், உதிர்ந்த பூவை 'வீ' என்றனர். 'வீதல்' என்றாலோ இறத்தல். விடியற்காலையில் பவழமல்லி மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. செய்தித்தாள்கள் இதனை 'உயிரணுக்களின் தற்கொலை' என்று எழுதுவது நமக்கு உவப்பாக இல்லை. தற்கொலையில் மனக்கசப்பும் கைவிடப்பட்ட துயரமும் உண்டு; எஞ்சியோர்க்கு ஆறாத புண்ணும் உண்டு. இங்கே அவையொன்றும் இல்லை. உதிர்தல் என்பதே பொருத்தம்.

எப்படி உதிர்கிறது? உயிரணுவின் உள்ளே கேஸ்பேஸ் என்னும் நொதிகள் உறையிலிட்ட கத்திகளைப்போல எந்நேரமும் இருக்கின்றன. உறையைக் கழற்றும் ஆணை பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் உறுப்பிலிருந்து வருகிறது. அதன் சுவர் கசிந்து சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் வெளிப்பட்டால் கத்திகள் விழித்துக்கொள்ளும். அட்ரினல் உயிரணுவைப் பொறுத்தவரை இது தனிச்சிறப்புடையது. ஏனெனில் கொலஸ்டிராலைக் கார்ட்டிசாலாக மாற்றும் வேலையின் முதற்படியும் அதே மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறது. தொழிற்கூடமும் தீர்ப்பு எழுதும் மன்றமும் ஒரே அறையில்! கத்திகள் விழித்தபின் உட்கரு துண்டுபடுகிறது. 1980ஆம் ஆண்டு வைலி, இவ்வாறு இறக்கும் உயிரணுக்களின் டி.என்.ஏ. தாறுமாறாகச் சிதையாமல் ஒழுங்கான அளவுகளில் நறுக்கப்படுவதைக் காட்டினார். கூழ்ப்பலகையில் ஓடவிட்டால் அது ஏணிப்படிகளைப்போல் தெரியும். இறுதியில், வழக்கமாக உட்புறம் நோக்கியிருக்கும் ஒரு கொழுப்புப்பொருள் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடும். 'என்னை எடுத்துச் செல்லுங்கள்' என்று அண்டையாருக்கு அதுவே அடையாளம்.

வைலி அவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்டவை தைமஸ் சுரப்பியின் வெள்ளணுக்கள். அவற்றை உதிரச் செய்தது எது தெரியுமா? அட்ரினலின் கார்ட்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டுதான். தனக்குத் தூது வராவிட்டால் உதிரும் உயிரணு, தான் உயிரோடிருக்கையில் அனுப்பும் தூதால் வேறோர் இடத்து உயிரணுக்களை உதிர்க்கிறது. இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்தாவது இதனால்தான்.

தொட்டிலில் நடப்பது

தாய்மார்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். பிறந்த குழந்தையின் அட்ரினல், அதன் உடல் அளவுக்கு மிகமிகப் பெரியது. சிறுநீரகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்தவர்களுக்கோ முப்பதில் ஒரு பங்கு. கருவில் அத்துணைப் பெரிய சுரப்பி எதற்கு? கருப்புறணி என்னும் தனிப்பகுதி அதனுள் இருக்கிறது. அது சுரக்கும் ஒரு ஸ்டீராய்டை நஞ்சுக்கொடி எடுத்து, ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. கருவுற்ற தாயின் உடலில் பெருகும் அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் வழங்குவதில் பெரும்பங்கு வயிற்றிலுள்ள சிசுவினுடையது. தாய் பிள்ளையைச் சுமக்கிறாள் என்று மட்டும் எண்ணியிருந்தோம். பிள்ளையும் தாய்க்கு உழைக்கிறது.

குழந்தை பிறந்து, தொப்புள்கொடி அறுக்கப்பட்டவுடன் அவ்வுழைப்புக்குத் தேவை முடிகிறது. சில வாரங்களுக்குள் அட்ரினல் தன் எடையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடுகிறது. கருப்புறணியின் உயிரணுக்கள் உதிர்கின்றன. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதனால் காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, பால் குடித்துவிட்டு உறங்குகிறது.

கண்ணாடித் தட்டில்

உடலுக்குள் நடப்பதைத் தனித்துப் பார்க்க வேண்டுமானால் உயிரணுக்களை வெளியே எடுத்து வளர்க்க வேண்டும். சர்க்கரையும் உப்புக்களும் அமினோ அமிலங்களும் கலந்த இளஞ்சிவப்பு நீரில், சிறிது கன்றின் இரத்தத் தெளிநீர் சேர்த்து, 37 பாகை வெப்பத்தில் வைத்தால் பல உயிரணுக்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழும். சாதாரண அட்ரினல் உயிரணுக்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. ஆகவே புற்றுக்கட்டிகளிலிருந்து வந்தவற்றை நாடினர். 1960-களில் கோர்டன் சாட்டோவின் குழுவினர் வளர்த்த சுண்டெலியின் அட்ரினல் கட்டி உயிரணுக்கள், ஏ.சி.டி.எச். பட்டதும் தட்டையான வடிவம் மாறி உருண்டு திரண்டு ஸ்டீராய்டைச் சுரந்தன. 1980ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண் நோயாளி ஒருவரின் அட்ரினல் கட்டியினின்று எடுக்கப்பட்டு, 'எச் 295' என்னும் எண் பெற்ற உயிரணுக்கள் இன்றும் பல நாட்டு ஆய்வகங்களில் வாழ்கின்றன. புறணியின் மூன்று அடுக்கு ஹார்மோன்களையும் அவை ஒருங்கே உண்டாக்கும்.

தட்டில் உள்ளது உடல் அன்று என்பதையும் அவை உணர்த்தின. உடலில் அட்ரினலைப் பேணி வளர்க்கும் ஏ.சி.டி.எச்., தட்டிலுள்ள சுண்டெலி உயிரணுக்களின் பெருக்கத்தைக் குறைத்தது! வேலை செய் என்னும் ஆணையும் பெருகு என்னும் ஆணையும் ஒன்றல்ல என்பது அதனால் விளங்கிற்று. உடலில் இரத்த ஓட்டமும் அண்டை உயிரணுக்களும் வேறு தூதுகளும் சேர்ந்து செய்வதை ஒரு துளி ஹார்மோனிடம் எதிர்பார்க்க முடியுமா?

அகணியின் கதை இதனினும் தெளிவானது. 1976ஆம் ஆண்டு லாயிட் கிரீனும் ஆர்தர் டிஷ்லரும் எலியின் அட்ரினல் அகணிக் கட்டி ஒன்றிலிருந்து 'பி.சி. 12' என்னும் உயிரணுக் குலத்தை உருவாக்கினர். அட்ரினலினின் முன்னோடிகளான டோபமைனையும் நார்அட்ரினலினையும் சுரப்பவை அவை. இரத்தத் தெளிநீர் சேர்க்காத நீரில் அவற்றை விட்டால் சில நாட்களில் மடிந்துவிடும். அந்நீரிலேயே நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை மிகச் சிறிதளவு சேர்த்தால் மடிவதில்லை. நரம்புகளைப்போல இழைகளையும் நீட்டுகின்றன. உணவில் குறையில்லை, குறைந்தது ஒரு செய்தி மட்டுமே. அச்செய்தி வராதபோது உயிரணுக்கள் பட்டினியால் சாகவில்லை, டி.என்.ஏ. ஏணிப்படியாக நறுக்கப்பட்டு உதிர்ந்தன என்பது 1990-களின் தொடக்கத்தில் உறுதியாயிற்று.

அந்தப் புரதத்தைக் கண்டறிந்தவர் ரீத்தா லேவி-மொந்தால்சினி. இத்தாலியின் தூரின் நகரத்து யூதப் பெண்மணி. முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, போர்க்காலத்தில் தம் படுக்கையறையிலேயே கோழி முட்டைகளை வைத்துக்கொண்டு, நரம்பணுக்கள் ஏன் சாகின்றன என்று ஆராய்ந்தவர். 1974ஆம் ஆண்டு திருத்தந்தையின் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1986ஆம் ஆண்டு ஸ்டான்லி கோஹெனோடு நோபல் பரிசு பெற்றார். 2012ஆம் ஆண்டு தமது 103ஆம் வயதில் காலமானார். இன்னும் விரிவாக எழுதத்தக்க வாழ்க்கை. இங்கே இடமில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நோக்கிய இலண்டன் அறிஞர் மார்ட்டின் ராஃப் 1992ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். உயிரணு வாழ்வது அதன் இயல்பு, சாவதற்கே காரணம் வேண்டும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தனர். அவர் அதைத் தலைகீழாக்கினார். உடலிலுள்ள ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் உதிர்வதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றன. 'நீ இரு' என்று பிற உயிரணுக்களிடமிருந்து ஓயாமல் வரும் செய்தியே அவற்றைத் தடுத்து வைத்திருக்கிறது என்றார். நூற்புழு ஒன்றில் தோன்றும் 1090 உடலணுக்களுள் சரியாக 131 உதிர்வதை எண்ணி, அதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்புழுவின் மரபணுக்களுக்கு இணையானவை நம்மிடமும் இருக்கின்றன.

செய்தி வந்தாலும் வராவிட்டாலும் உதிர மறுக்கும் உயிரணுவே புற்றுநோய். அட்ரினல் புற்றுநோய் அரிது; கொடிது. அதற்கென்று இருக்கும் மருந்தின் பிறப்பு விந்தையானது. மலேரியாவை ஒழிக்க நம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் தெளிக்கப்பட்ட டி.டி.டி. மருந்தின் நெருங்கிய உறவுப்பொருள் ஒன்றை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அவற்றின் அட்ரினல் புறணி மட்டும் அழிந்துபோனதை 1949ஆம் ஆண்டு அமெரிக்கர் கண்டனர். அதிலிருந்து பிறந்த மைட்டோடேன் இன்றும் வழக்கில் உள்ளது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில்தான் 'எச் 295' வழிவந்த உயிரணுக்களைக் கொண்டு தெளிவாக்கினர். ஸ்டீராய்டு சுரக்கும் உயிரணு, மூலப்பொருளான கொலஸ்டிராலைக் கேடில்லாத வடிவில் சேமித்து வைக்கும். மைட்டோடேன் அச்சேமிப்பைத் தடுக்கிறது. கட்டற்ற கொலஸ்டிரால் உள்ளேயே பெருகி உயிரணுவை உதிர்க்கிறது. நல்ல அட்ரினலையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகையால் அதனை உண்போர் கார்ட்டிசால் மாத்திரையையும் உண்டே தீர வேண்டும்.

மீண்டும் அம்மையாரின் கட்டிலருகே

ஒன்பது மாதங்களாக அம்மையாரின் பிட்யூட்டரி தூது அனுப்பவில்லை. அட்ரினலின் நடுவடுக்கும் உள்ளடுக்கும் உதிர்ந்து மெலிந்திருந்தன. அக்குறையை மாத்திரை மறைத்து வைத்திருந்தது. மகன் அதனை எறிந்த நாளில் அவருடைய உடலில் கார்ட்டிசாலும் இல்லை, அதற்கு ஈடான பொருளும் இல்லை. பிட்யூட்டரி விழித்துக்கொண்டு தூது அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும் கைகள் குறைவு. ஊசி மூலம் ஹைட்ரோகார்ட்டிசோனும், உப்பு நீரும் குளுக்கோசும் ஏற்றியபின் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்தார்.

அட்ரினல் அறவே அழிந்துவிடுவதில்லை என்பது ஆறுதல். சுரப்பியின் மேலுறையை ஒட்டி இளம் உயிரணுக்கள் இருக்கின்றன. 1930-களிலேயே, எலியின் அட்ரினலில் உள்ளதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு உறையை மட்டும் விட்டாலும் புறணி மீண்டும் வளர்வதைக் கண்டனர். வெளியே பிறக்கும் உயிரணு மெல்ல உள்நோக்கி நகர்ந்து, அடுக்குக்கு அடுக்கு வேறு ஹார்மோனைச் சுரந்து, அகணியின் எல்லையில் உதிர்கிறது. தூது திரும்ப வரத் தொடங்கினால் இவ்விளம் உயிரணுக்கள் மீண்டும் புறணியைக் கட்டும். ஆனால் அதற்கு வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும், சிலருக்கு ஓராண்டும் ஆகும்.

ஆதலால் மூன்று வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர் எவரும் அதனைத் தாமாக ஒரே நாளில் நிறுத்தலாகாது. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். உடல் தானே நாளொன்றுக்குச் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஈடான, ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் அளவை எட்டியபின் இன்னும் மெதுவாகக் குறைப்பார். இடையில் கடுங்காய்ச்சலோ, விபத்தோ, அறுவை மருத்துவமோ நேரின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும்கூட, இம்மருந்து உண்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றொன்று. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் கைகண்ட மருந்து என்று பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை கண்டுபிடித்துள்ளன. உண்பவருக்குத் தாம் ஸ்டீராய்டு உண்பதே தெரியாது; பொட்டலம் தீர்ந்த வாரத்தில் சுருண்டு விழும்போதும் தெரியாது. அளவாகவும் தேவையறிந்தும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. அதனைக் கண்டு அஞ்சி எறிவதும், மிட்டாய்போல் வாங்கித் தின்பதும் ஆகிய இரண்டுமே நம் இல்லங்களில் நடக்கின்றன.

அம்மையாரின் மாத்திரை மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைக்கப்பட்டது. இழுப்புக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து தரப்பட்டது. நாட்காட்டித் தாளில் ஒவ்வொரு மாதத்துக்குரிய அளவையும் மூத்த மகனே சிவப்பு மையால் எழுதி, ஊருக்குப் போகுமுன் அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சென்றார். பதினோராம் மாதத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், மாத்திரை உண்ணாமல் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார் அம்மையார். மறுநாள் வந்த தாளில் கார்ட்டிசால் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த எண், அவருடைய சொந்தச் சுரப்பி ஈட்டியது.